புது ஃபீச்சர் அவர்களுக்கு, டெஸ்ட் பெஞ்ச் எனக்கு: இப்படியே போனால் நான் என்ன ஆவேன்?

கேள்வி கேட்ட தம்பி பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இசிஇ முடித்தவர். மின்சார ஸ்கூட்டருக்கு எலெக்ட்ரானிக் பாகம் செய்யும் ஓசூர் கம்பெனி ஒன்றில், ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஓடும் மென்பொருள்) டீமில் இரண்டு வருடமாக இருக்கிறார். கூடச் சேர்ந்தவர்களுக்கு ப்ளூடூத், நேவிகேஷன், புது டிஸ்ப்ளே என்று நாலு பேரிடம் காட்டக்கூடிய வேலை. இவருக்கு மக்கர் பண்ணும் டெஸ்ட் பெஞ்ச் (போர்டுகளை மாட்டிச் சோதிக்கும் மேசை), பழைய கம்பைலரை (கோடை போர்டுக்குப் புரியும்படி மாற்றும் கருவி) மாற்றுவது, புதுப் பதிப்பில் என்ன மாறியது என்று ரிலீஸ் நோட் எழுதுவது, வாடிக்கையாளர் வண்டிகளிலிருந்து திரும்பி வந்த போர்டுகளின் லாக்கை (போர்டு பதிந்து வைத்த குறிப்பு) படிப்பது. "அப்ரைசலில் சொல்ல ஒன்றும் இல்லை. ஊரில் கேட்டால் விளக்கவும் முடியவில்லை. வேலை மாறிவிடட்டுமா?" என்கிறார்.

தம்பி, நானும் இதே சிப்காட்டில்தான் ரொம்ப வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் கையில் இருக்கும் நாலு வேலையில் மூன்றை நானாக இருந்தால் கேட்டு வாங்கியிருப்பேன். நாலாவதை, அதாவது ரிலீஸ் நோட்டை, டீமில் எல்லோருக்கும் முறை போட்டுப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருப்பேன். ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் முழுப் பதிலும்.

முதலில் டெஸ்ட் பெஞ்ச். எங்கள் டீமில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெஞ்சில் கிளஸ்டர் (ஓட்டுபவர் பார்க்கும் திரை), பேட்டரி மேலாண்மை போர்டு, மோட்டார் கன்ட்ரோலர் மூன்றும் கேன் பஸ்ஸில், அதாவது வண்டியின் பாகங்களை இணைக்கும் இரட்டை லைனில், பேசிக்கொண்டிருக்கும். ராத்திரி முழுக்க டெஸ்ட் ஓடும். காலையில் வந்து பார்த்தால் எங்கோ இரண்டு மூன்று சிவப்பு, அதாவது தோற்ற டெஸ்ட். மறுபடி ஓட்டினால் பச்சை. "பெஞ்ச் அப்படித்தான், ரீ-ரன் கொடு" என்பது டீமின் பழக்கமாகவே ஆகிவிட்டது. காவேரிப்பட்டணத்துப் பெண் ஒருத்தர் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவருக்குத் தரப் பெரிய வேலை எதுவும் அப்போது இல்லாததால் இதைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் கோடைத் திறக்கவில்லை. பவரை அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை எடுத்து கேன்-ஹை, கேன்-லோ இரண்டு லைனுக்கும் நடுவில் வைத்தார். 60 ஓம் காட்ட வேண்டும். ஏனென்றால் பஸ்ஸின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், இரண்டும் பேரலலில் வந்தால் 60. மீட்டர் 120 காட்டியது. ஒரு முனையில் ரெசிஸ்டரே இல்லை. யாரோ எப்போதோ போர்டு மாற்றும்போது அந்த முனை ரெசிஸ்டர் உள்ள கனெக்டரைக் கழற்றி, இல்லாததை மாட்டியிருக்கிறார்கள்.

ரெசிஸ்டரைப் போட்டதும் பெஞ்ச் ஒழுங்காகிவிட்டது. ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. "அப்படியானால் இவ்வளவு நாள் சிவப்பு வந்தபோது கிளஸ்டர் என்ன செய்துகொண்டிருந்தது?" என்று பழைய லாக்கைத் தோண்டினார். கேன் கன்ட்ரோலரில் பிழைக் கணக்கு ஒன்று உண்டு. அனுப்பும்போது நேரும் பிழைக்கான எண்ணிக்கை 255-ஐத் தாண்டினால் அந்த போர்டு தானாகப் பஸ்ஸை விட்டு விலகிக்கொள்ளும். பஸ்-ஆஃப் என்போம். அதிலிருந்து திரும்பி வரும் கோட் எங்கள் கிளஸ்டரில் இருந்தது, ஆனால் யாரும் அதை முறையாகச் சோதித்ததில்லை. விலகியிருக்கும் நேரத்தில் கடைசியாக வந்த சார்ஜ் சதவீதத்தையே திரை காட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி 12-க்கு இறங்கியிருக்கும், திரையில் 40 என்று நிற்கும். இதை நம்பி ஒருவர் ராயக்கோட்டை ரோட்டில் ராத்திரி கிளம்பியிருந்தால் பாதி வழியில் தள்ளிக்கொண்டுதான் போயிருப்பார்.

அந்தப் பக்கை எந்த ஃபீச்சர் டெவலப்பரும் கண்டுபிடித்திருக்க மாட்டார். புது ஃபீச்சர் எழுதுபவர் எல்லாம் ஒழுங்காக ஓடும் வழியைப் பார்க்கிறார். சிவப்பு டெஸ்ட்டைத் துரத்துபவர்தான் கோணலாகப் போகும் வழிகளைப் பார்க்கிறார். வண்டி ரோட்டில் படுவது அந்தக் கோணல் வழிகளில்தான்.

இதில் ஒரு கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மேனேஜரிடம் பேச உதவும். 200 டெஸ்ட் இருக்கிறது, ஒவ்வொன்றும் காரணமில்லாமல் தோற்கும் வாய்ப்பு வெறும் அரை சதவீதம் என்று வையுங்கள். கேட்கச் சின்ன எண். ஆனால் 200-ம் ஒரே ஓட்டத்தில் பச்சையாக வர வாய்ப்பு 0.995-ஐ 200 தடவை பெருக்கினால் வருவது, அதாவது ஏறக்குறைய 37 சதவீதம்தான். நூற்றுக்கு 63 ஓட்டம் பொய்ச் சிவப்பில் முடியும். கூகுள் 2016-ல் தன் உள்விவரத்தையே வெளியிட்டது: அவர்களுடைய டெஸ்ட்டுகளில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்த நிலையில்லாத குணம் இருந்தது, பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியவற்றில் 84 சதவீதத்தில் நிலையில்லாத டெஸ்ட்டின் கை இருந்தது. அவ்வளவு ஆளும் பணமும் உள்ள இடத்திலேயே இந்தக் கதை. சிவப்பைப் பார்த்தால் யாரும் பதறாத டீமில் டெஸ்ட் இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்தப் பதற்றத்தைத் திரும்பக் கொண்டு வருவது உங்கள் வேலை. அது சின்ன வேலை கிடையாது.

சரி, கண்ணில் படாத வேலையை யாருமே செய்யாவிட்டால் என்ன ஆகும்? 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடைச் சேமித்து வைக்க இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ராத்திரி நேரம், டேட்டாபேஸ் பிரதி சரியாக ஒத்துப்போகவில்லை என்று போராடிக்கொண்டிருந்த ஒரு இன்ஜினியர், இரண்டாம் சர்வரில் அழிக்க வேண்டிய டைரக்டரியை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. அது யாருக்கும் நடக்கக்கூடியது. அதற்குப் பின்னால் வந்ததுதான் விஷயம். தினமும் எடுக்க வேண்டிய பேக்கப் எடுக்கப்படவே இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, அதனால் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதாகச் சொல்லும் மின்னஞ்சலும் கையொப்பம் சரியில்லை என்று வழியிலேயே திருப்பப்பட்டது. கடைசியில் காப்பாற்றியது, அதே இன்ஜினியர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி. பேக்கப்பை ஏன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்ற கேள்விக்கு அவர்கள் எழுதிய காரணம், அது யாருடைய பொறுப்பாகவும் இல்லை என்பது.

நம்மூரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கிருஷ்ணகிரி அணை 1957-ல், காமராஜர் காலத்தில் திறக்கப்பட்டது. மொத்த உயரம் 52 அடி. 2017 நவம்பர் 29 அன்று, அணை கிட்டத்தட்ட நிரம்பியிருந்த நேரத்தில், முதல் மதகின் ஷட்டர் உடைந்து தண்ணீர் பீறிட்டது. தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை போனது. ஒரு ஷட்டரைச் சரிசெய்ய, சேர்த்து வைத்த தண்ணீரைத் திறந்துவிட்டு மட்டத்தைக் கீழே கொண்டுவர வேண்டி வந்தது. 60 வருடம் தண்ணீரில் நின்ற இரும்பு. அணை கட்டியவரின் பெயர் கல்வெட்டில் இருக்கும், ஷட்டருக்குக் கிரீஸ் போட்டவரின் பெயர் எங்கும் இருக்காது. உங்கள் ஆதங்கத்தின் அடியில் இருப்பதும் இந்தக் கல்வெட்டுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது நியாயமான ஆதங்கம். பின்னால் அதற்கு வருகிறேன்.

கம்பைலர் மாற்றுவது. இது பொட்டி தூக்கி வைக்கிற வேலை மாதிரிதான் தெரியும். ஆனால் பழைய கம்பைலரில் வருடக்கணக்காக ஓடிய கோடைப் புதியதில் போட்டுப் பாருங்கள், தூங்கிக்கொண்டிருந்த பிழையெல்லாம் எழுந்து உட்காரும். இன்டரப்டில், அதாவது ஓடும் நிரலை இடைமறித்து வரும் கோடில், மாறும் ஒரு மாறிக்கு 'வொலட்டைல்' (ஒவ்வொரு தடவையும் மெமரியில் போய்ப் படி என்ற குறிப்பு) போட மறந்திருப்பார்கள். பழைய கம்பைலர் சோம்பேறி, ஒவ்வொரு தடவையும் மெமரியில் போய்ப் படித்ததால் தப்பித்தது. புதியது கெட்டிக்காரத்தனமாக ஒரு தடவை படித்து ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்ளும், லூப் வெளியே வரவே வராது. இந்த மாதிரி இரண்டைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் அந்த ப்ராசஸரைப் பற்றி டீமில் யாருக்கும் தெரியாத அளவு உங்களுக்குத் தெரிந்துவிடும். மெமரியில் எது எங்கே என்று காட்டும் மேப் ஃபைலைத் திறந்து எந்த ஃபங்ஷன் எவ்வளவு பெருத்தது, ஸ்டாக் எங்கே இடிக்கிறது என்று பார்க்கவும் இந்தச் சாக்கில் கற்றுக்கொள்வீர்கள். நேவிகேஷன் திரை வரைபவருக்கு இந்த வாய்ப்பு வராது.

திரும்பி வந்த போர்டின் லாக்கைப் பற்றி ஒரே வார்த்தை: அது தங்கம். அந்த லாக்கில்தான் உங்கள் பொருளை நிஜ மனிதர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது இருக்கிறது. ரீசெட் ஆன காரணம் வாட்ச்டாக்கா (நிரல் மாட்டிக்கொண்டால் ரீசெட் செய்யும் காவல் டைமர்), மின்னழுத்தம் சரிந்ததா என்று ரெஜிஸ்டர் சொல்லும். ஹாரன் அடிக்கும்போதெல்லாம் 12 வோல்ட் லைன் தொய்கிறதா, வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் சென்சார் தப்புக் காட்டுகிறதா, இதெல்லாம் ஏசி ரூமில் உட்கார்ந்து யோசித்து வருகிற அறிவு இல்லை. 2022-ல் நாடு முழுக்க மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 விதியைத் திருத்தினார்கள். 2022 டிசம்பர் 1 முதல் ஒரு கட்டம், 2023 மார்ச் 31 முதல் அடுத்த கட்டம். பேட்டரி சம்பந்தப்பட்ட ஒவ்வொரு விஷயத்துக்கும் அத்தாட்சி கேட்ட மாதங்கள் அவை. அப்போது எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் தேடிப் போனது புது ஃபீச்சர் எழுதியவர்களை இல்லை. எந்த டெஸ்ட் எந்த போர்டில் எப்போது ஓடியது, முடிவு எந்த ஃபைலில் இருக்கிறது என்று தெரிந்தவர்களைத்தான்.

கவனிக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்னொன்று. 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃபிராயண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், வேகத்தை அளக்கும் ஒரு சோதனைக்காகத் தன் கணினியில் மற்ற இரைச்சலையெல்லாம் அடக்கிக்கொண்டிருந்தார். எஸ்எஸ்ஹெச் லாகின் (தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் வழி) வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக இழுத்தது. நாமாக இருந்தால் நெட் ஸ்லோ என்று விட்டிருப்போம். அவருக்குச் சில வாரம் முன்பு டெஸ்ட் லாக்கில் பார்த்த ஓர் எரிச்சலான எச்சரிக்கையும் ஞாபகம் வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு இழுத்தார். எக்ஸ்இசட் என்ற சின்ன சுருக்க நிரலில் யாரோ திட்டம் போட்டு வைத்த பின்கதவு வெளியே வந்தது. பரவியிருந்தால் உலகத்து லினக்ஸ் சர்வரில் எத்தனையோ திறந்து கிடந்திருக்கும்.

இதே கதையின் மறுபக்கம் உங்களுக்கு இன்னும் முக்கியம். அந்த நிரலைச் சம்பளம் இல்லாமல், தனியாகப் பல வருடம் பராமரித்தவர் களைத்துப் போயிருந்தார். அந்தக் களைப்பைப் பார்த்துத்தான் உதவுவது போல ஒரு பெயர் உள்ளே வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்தது. பெயர் வராத வேலையை ஒருவர் தலையிலேயே கட்டிவிட்டால் அவருக்கும் கெடுதல், பொருளுக்கும் கெடுதல். ஆகவே "கடமையைச் செய், பலன் தானாக வரும்" என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். தானாக வராது. நான் பார்த்தவரை வந்ததில்லை.

எடுபிடி வேலை என்று நாம் ஒரே மூட்டையில் போடுவதில் இரண்டு ரகம் இருக்கிறது. பெஞ்சைச் சரிசெய்தால் அந்தத் தொல்லை செத்துப்போகும். கம்பைலர் மாற்றினால் முடிந்தது. இவை முடிகிற வேலை, முடித்தவருக்கு அறிவு மிச்சம். மீட்டிங் குறிப்பு எழுதுவது, ரிலீஸ் நோட்டுக்கு ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு வாங்குவது, கஸ்டமர் வந்தால் டெமோ டேபிளில் வயர் அடுக்குவது, இவை அடுத்த வாரமும் அப்படியே வரும். செய்தவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. இந்த ரகத்தில் யாராவது மாட்டிக்கொண்டால் அநியாயம். கூகுளில் சர்வர் பராமரிக்கும் டீம்களுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: கையால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை ஒருவருடைய நேரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மீதிப் பாதி, அந்த வேலையே இல்லாமல் ஆக்கும் வேலைக்கு. ஓசூர் கம்பெனியில் இதைச் சட்டமாகப் போட மாட்டார்கள். நீங்களே உங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டாம் ரகம் யார் தலையில் விழுகிறது என்பதும் தற்செயல் இல்லை. 2017-ல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் நாலு பெண் ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். குழுவில் யாராவது ஒருவர் செய்தாக வேண்டும், ஆனால் செய்பவருக்குப் பலன் குறைவு என்ற மாதிரி வேலை. ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண்கள் ஆண்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுவில் ஆண்களே எடுத்துச் செய்தார்கள். குணம் காரணமில்லை, எதிர்பார்ப்புதான் காரணம். உங்கள் டீமில் மீட்டிங் குறிப்பை எப்போதும் யார் எழுதுகிறார் என்று ஒரு தடவை பாருங்கள். அது நீங்களாகவும் இல்லாமல், அந்த ஒரே பெண் இன்ஜினியராகவும் இல்லாமல் இருக்க வழி, முறை வைப்பது மட்டும்தான். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கவே முறை வைக்கிற ஊர்க்காரர்களுக்கு ரிலீஸ் நோட்டுக்கு வைக்கத் தெரியாதா என்ன?

இனி கல்வெட்டு. உங்கள் வேலை கண்ணில் படாததற்குப் பாதிக் காரணம், அது நடக்காமல் போன விபத்து. நடக்காததை யாரும் பாராட்ட முடியாது. அதனால் முன்பும் பின்பும் அளந்து வையுங்கள். பெஞ்சைத் தொடுவதற்கு முன், ஒரு வாரம் ஒவ்வொரு ரீ-ரன்னையும் ஒரு ஷீட்டில் குறியுங்கள்: யார், எந்த டெஸ்ட், எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள். ஒரு ஓட்டம் 40 நிமிடம், ஆறு பேர் தினம் ஆளுக்கு ஒரு தடவை என்றால் நாளுக்கு நாலு மணி நேரம், அரை ஆள் சம்பளம். சரிசெய்த பிறகும் ஒரு வாரம் குறியுங்கள். அப்ரைசலில் "பெஞ்ச் பராமரித்தேன்" என்று எழுதினால் அது எடுபிடி. "ராத்திரி ஓட்டம் வாரத்தில் இத்தனை நாள் பொய்ச் சிவப்பில் முடிந்துகொண்டிருந்தது, காரணம் இது, இப்போது இத்தனை, அதன் வழியே கிளஸ்டரில் இந்தப் பக் வெளிவந்தது" என்று எழுதினால் அது இன்ஜினியரிங். செய்த வேலை ஒன்றேதான். இதைத் தம்பட்டம் என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இந்தக் கூச்சம் கொஞ்சம் அதிகம், பெங்களூர்ப் பிள்ளைகளிடம் கிடையாது. சம்பள உயர்வில் அது தெரிகிறது.

இன்னொன்றும் செய்யுங்கள். மேனேஜரிடம் போய் "எனக்கும் ஃபீச்சர் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பார்க்கலாம் என்பார். "பஸ்-ஆஃப், ரீசெட் இரண்டையும் லாக்கில் நான்தான் பார்த்தேன், அதனால் கிளஸ்டரில் பிழை கையாளும் பகுதியை நான் திருப்பி எழுதுகிறேன்" என்று கேளுங்கள். அதை உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் டீமில் இருக்க மாட்டார், மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். பராமரிப்பு வேலையிலிருந்து நல்ல வேலைக்குப் போகும் கதவு பெரும்பாலும் இப்படித்தான் திறக்கும், பக்கவாட்டில்.

வேலை மாறுவதைப் பற்றி. ஷீட்டைக் காட்டியும், முறை வைக்கச் சொல்லியும், குறிப்பிட்ட ஒரு பகுதியைக் கேட்டும், ஆறு மாதத்தில் எதுவும் அசையவில்லை என்றால் தாராளமாகப் பேப்பர் போடுங்கள். அந்த மாதிரி இடத்தில் இருந்து தேய வேண்டிய அவசியம் இல்லை. ஓசூர், ஷூலகிரி, போச்சம்பள்ளி என்று இந்த மாவட்டத்துக்குள்ளேயே மின்சார வண்டி சம்பந்தப்பட்ட வேலையைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் போவதற்கு முன் அந்தக் கம்பைலர் மாற்றத்தை மட்டும் முடித்துவிட்டுப் போங்கள். அடுத்த இன்டர்வியூவில் ப்ளூடூத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்கள், இதைப் பற்றி ஒரு மணி நேரம் நோண்டுவார்கள்.